சீக்கென்று சொல்லாத வீடு

"…இன்னொண்ணையும் கேட்டுக்கோ அண்ணாத்தே. உள்ள காலு வச்சிட்டியானா, தலைக்குத் தண்ணி ஊத்தற வரிக்கும் வெளிய போவக் கூடாது. வேற ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. உன்னியத் தேட மாட்டாங்களா? உனுக்குன்னு ஒரு ஊடு வாசல் கீதா இல்லியா?"

கோவில்பதாகையில் ஒரு கூரை வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவள் நிலைக்கு உள்ளே, நான் வெளியே. நடுவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அவள் புருஷன் உள்ளே அம்மை கண்டு படுத்திருந்தான். தெருக்கோடிப் புளியமரத்தடியில் எங்கள் சங்கத்துக் காரியதரிசி விரித்த குடையோடு நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்துப் பங்குனி வெயில். நிழலில் நின்றவருக்கே குடை வேண்டியிருந்தது.

நான் எப்படி அந்த வாசலில் வந்து நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் சங்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆவடி, அம்பத்தூர், முத்தாபுதுப்பேட்டை, வானகரம் என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பட்டணத்து மில்லுக்குப் போனவர்கள் கூடி வைத்த சங்கம் அது. பலகையில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பலகை மட்டும்தான் சொல்லும். ஜனங்கள் சொன்னது 'சீக்கு சங்கம்'. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் சந்தா. எவனாவது படுத்துக்கொண்டால் அவன் வீட்டுக்கு அதிலிருந்து கஞ்சிக்கு ஆகும். ஆனால் பணத்தைவிடப் பெரிய சமாசாரம் சங்கத்துச் சீட்டு. 'இன்னான் உண்மையிலேயே படுத்திருக்கிறான்' என்று சங்கம் சீட்டுக் கொடுத்தால், எழுந்து வரும் வரைக்கும் மில்லில் அவன் இடத்தை வைத்திருப்பார்கள். சீட்டு வராவிட்டால் பதிலிக்கு வந்தவன் அந்தத் தறியில் நிரந்தரமாகிவிடுவான். கேட்டுக்கு வெளியே எந்நேரமும் ஒரு கூட்டம் அதற்காகவே குந்திக்கொண்டிருக்கும். "செத்தவன் எடத்துக்குக்கூட ஒரு வாரம் துக்கம் கொண்டாடுவாங்க, மில்லுல அதுவும் கெடையாது" என்பார்கள்.

நானும் அந்த மில்லில் இருந்தவன்தான். வலது கையில் இரண்டு விரலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது சங்கத்துக்கு ஒரு பார்வைக்காரன் வேண்டியிருந்தது. சீக்கு என்று சொல்லி அனுப்பியவன் வீட்டுக்குப் போய், அவன் மெய்யாகவே படுத்திருக்கிறானா, இல்லை வயலில் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறானா என்று பார்த்து வந்து சொல்லுகிற வேலை. என் பெயரைச் சொன்னவர் எங்கள் பகுதி மேஸ்திரி. கதர்க்கட்சிக்காரர், அம்பத்தூரில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். "இவனைப் போடுங்க. ஒண்டிக்கட்டை. மாமன் இல்ல, மச்சான் இல்ல. எவனுக்கும் சலுகை காட்ட மாட்டான்" என்றார். கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கு நாலு வயசிருக்கும்போது ஒரு கோடையில் எங்கள் வீட்டுக்கு ஆத்தா வந்தாள். போகும்போது என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். மூஞ்சியில் அவள் வைத்த புள்ளிகளோடு, ஆளுக்கு ஒரு வேளை சோறு போட்டு ஊர்தான் என்னை வளர்த்தது. அதைப் போய் ஒரு யோக்கியதையாக எடுத்துச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே வேலையை ஒப்புக்கொண்டேன்.

எனக்குப் பேச்சு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். படிப்பு குறைந்த இடத்தைப் பேச்சால் ரொப்பிக்கொண்டேன். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஜனங்கள் வாயில் புரளுகிற சொலவடை நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். பூந்தமல்லி சந்தையில் ஒரு பூக்காரி, பேரம் பேசியே பொழுதை ஓட்டிய ஒருவனைப் பார்த்து, "மோந்து பாத்தே மாலை கட்டிக்கினு போவ வந்துட்டான்" என்றாள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

பார்வைக்காரன் ஆன பிறகு அந்தப் பொறுக்கல் நின்றுபோனது. நான் தெருவில் திரும்பினாலே பேச்சு அடங்கிவிடும். பிள்ளைகள் முன்னால் ஓடி, "சீக்கு பாக்கறவன் வர்றான்டோய்!" என்று கத்துவார்கள். நல்லாயிருக்கிறவன்கூடப் பாயைத் தேடுவான். வானகரத்தில் ஒருவன், அவசரத்தில் தன் வீடு என்று நினைத்துக் கொல்லைப் பக்கமாகப் பக்கத்து வீட்டில் புகுந்து படுத்துவிட்டான். அந்த வீட்டுக்காரி துடைப்பத்தோடு வந்தது பெரிய கதை. முன்பெல்லாம் "வா அண்ணாத்தே, குந்து" என்றவர்கள், இப்போது "இன்னா, பாத்துட்டியா? செரி" என்பார்கள். பார்த்துவிட்டேன் என்றால் போகலாம் என்று அர்த்தம். ஊர் ஊராகப் போய் வீடு வீடாகப் படியேறியவன், நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஆவடி ஸ்டேஷன் பக்கத்து என் அறைக்குத் திரும்பியதுண்டு. முன்பக்கம் சைக்கிள் கடை. கடைக்காரன் டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்தால், யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் வாய் திறந்து பேசினார்கள் என்றால் அது பிராது சொல்லத்தான். சங்கத்து டாக்டர் மேல் அவ்வளவு பிராது. "நாக்க நீட்டுன்றாரு. நானும் நீட்டிகினு கீறேன். அவரு பேப்பர் பட்சிக்கினு கீறாரு. ஈ வந்து குந்திட்டுப் போவுது!" என்றான் ஒருவன். "தலைவலிக்கும் செவப்புத் தண்ணி, கால்வலிக்கும் செவப்புத் தண்ணி. அப்ப தலைக்குப் போவணுமா காலுக்குப் போவணுமான்னு அந்தத் தண்ணிக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் ஒருத்தி. இதையெல்லாம் காரியதரிசியிடம் அப்படியே ஒப்பிப்பேன். அவர் மில் ஆபீஸில் குமாஸ்தா. சட்டம் தெரிந்தவர், கெட்டவர் இல்லை. "எழுத்து மூலமா வந்தா பார்க்கலாம்பா" என்பார். எழுதத் தெரிந்தவனுக்கு டாக்டர் நல்ல மருந்தாகக் கொடுத்தாரோ என்னவோ, எழுத்து மூலமாக ஒன்றும் வரவில்லை.

என்னைப் பழைய மாதிரியே நடத்திய ஒரே ஆள் கோவில்பதாகைத் தறிக்காரன். சீட்டுகளை மில்லில் கொடுக்க நான் காலை வண்டியில் போகும் நாட்களில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பான். "மாமே, இங்க வா. உனுக்கு ஒண்ணு புட்சிக்கினு வந்துக்கீறேன்" என்பான். மீன் இல்லை, சொலவடை. எங்கேயோ காதில் விழுந்ததை எனக்காக மறக்காமல் கொண்டுவருவான். மறந்துவிட்டால் அவனே ஒன்றைக் கட்டிச் சொல்லுவான். எனக்குத் தெரிந்தாலும் தெரியாதது மாதிரி வாங்கிக்கொள்வேன்.

அந்த நாளில் ரயில் பெட்டியில் ஒரே சண்டை. மில் ஆட்கள் எல்லாருக்கும் சீக்குக் காலத்தில் படி கொடுக்க டில்லியில் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மேஸ்திரி ஒரு பக்கம். "சண்டைக்குத் துணி வேணும், அதான் வெள்ளைக்காரன் சட்டம் போடறான். நாம சொயராச்சியம் வாங்கி நாமே போட்டுக்குவோம்" என்பார். எதிர்ப்பக்கத்தில் சிவப்புத் துண்டு போட்ட ஒரு இளவட்டம். நூல் பகுதியில் வேலை, நன்றாகப் படிப்பவன். "சொயராச்சியம் வர்ற வரிக்கும் ஜொரம் காத்துகினு இருக்குமா நைனா? மொதலாளி பங்கு போடணும், சர்க்கார் பங்கு போடணும். நம்ம சந்தாவுலயே நாம சாவறதுக்கு எதுக்கு ஒரு சங்கம்?" என்பான். சட்டத்தின் வாசகம் என்ன என்று அந்தப் பெட்டியில் ஒருத்தருக்கும் தெரியாது. தறிக்காரன் என் காதில், "பொண்ணு பாக்கவே போவல, அதுக்குள்ள பேரப்புள்ளைக்கு மொட்டை எந்தக் கோயில்லன்னு அடிச்சிக்கறாங்க பாரு மாமே" என்றான். வில்லிவாக்கம் வரைக்கும் சிரித்துக்கொண்டு போனோம்.

பிறகு ஒரு காலையில் அவன் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே.

சீக்கு என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பாத வீட்டுக்குப் பார்வைக்காரன் போக வேண்டியதில்லை. ஆனாலும் போனேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்த நேரம். அவன் வீட்டு அடுப்பில் மட்டும் கடுகு வெடிக்கவில்லை. அப்புறம்தான் வேப்பிலையைப் பார்த்தேன். தெருவிலேயே நின்று குரல் கொடுத்தேன். அவன் பெண்சாதி நிலைக்கு வந்தாள்; கையில் வேப்பங்கொழுந்து.

"தங்கச்சி, எப்பிடிக் கீறான்?"

"ஆத்தா எறங்கிக்கீறா. முத்து நல்லா வாரிப் போட்டுக்கீறா."

"சங்கத்துல சொல்லலியேம்மா. உன் வாயால ஒரு வார்த்த 'அவருக்குச் சீக்கு'ன்னு எங்கிட்ட சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னா பேச்சு பேசறே நீ! ஊட்டுக்கு வந்தவள சீக்குன்னு சொல்லுவனா? காதுல உழுந்தா கோச்சிக்கினு கண்ணப் பறிச்சிக்கினு போயிடுவா."

"சொல்லலேன்னா மில்லுல எடம் போயிடும்மா. திங்கக்கெழம வேற ஆளப் போட்டுடுவாங்க."

"எடம் போனா வேற எடம் கெடைக்கும்" என்றாள். குரல் அந்த அளவுக்கு உறுதியாக இல்லை. வேறு இடம் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். நிலம் கிடையாது, அவர்கள் வம்சத்தில் அடுத்தவன் வயலில் குனியாமல் நிமிர்ந்து நின்று கூலி வாங்கிய முதல் ஆள் அவன்தான். தறி போனால் மறுபடியும் குனிய வேண்டும்.

வெறுங்கையோடு திரும்பினேன். சங்கத்து விதி இரண்டு விஷயம் கேட்டது: வீட்டார் வாயால் சீக்கு என்று சொல்ல வேண்டும், பார்வைக்காரன் கண்ணால் பார்க்க வேண்டும். வேப்பிலை கட்டிய வீட்டில் இரண்டும் நடக்காது. எந்தெந்தச் சீக்குக்குச் சீட்டு என்று விதியில் போட்டிருந்த பட்டியலில் அம்மையே இல்லை. பட்டியல் போட்டவர்களும் நம் ஆட்கள்தானே. அவர்களுக்கும் அதை அங்கே எழுதக் கை வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக் கூட்டம், ஸ்டேஷனுக்கு எதிர்ச் சத்திரத்தில். டாக்டரை மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. நான் எழுந்து தறிக்காரன் விஷயத்தைச் சொன்னேன். பார்வைக்காரன் கூட்டத்தில் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சிவப்புத் துண்டுத் தம்பிதான் முதலில் எழுந்தான். அவன் உதவி செய்யத்தான் எழுந்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அம்மை ஒரு சீக்கு. கிருமியால வர்றது. ஆத்தா கீத்தான்னு சொல்றத வுட்டுட்டு மொதல்ல அத்தப் பட்டியல்ல எழுதுங்க" என்றான்.

அவ்வளவுதான். சத்திரம் இரைந்தது. கொஞ்சம் முன்னால் தறிக்காரனுக்காக உச்சுக்கொட்டியவர்களே துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். மேஸ்திரி நெஞ்சில் கை வைத்து, "ஆத்தாவ சீக்குன்னு சங்கத்துப் பொஸ்தகத்துல எழுதறதா? நாளைக்கு அவ எவன் ஊட்டுக்கு வந்து நியாயம் கேப்பா? எழுதச் சொன்ன தம்பி ஊட்டுக்கா, கை தூக்கன என் ஊட்டுக்கா?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "திருவிழாவுக்கு ஒரு வாட்டி வரி குடுக்கறோம். சங்கத்துலயும் ஆத்தாளுக்கு ஒரு பங்கா?"

சிரிப்பு. அதற்குள் காரியதரிசி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அம்மைக் காலத்தில் தெரு தெருவாப் படுத்துக்குவாங்க. அத்தனை பேருக்கும் கொடுக்க நிதி தாங்காது. சர்க்கார் சட்டம் வந்தா வேற விஷயம்" என்றார்.

"வெயில் காலத்துல எலையக் கொட்டிட்டு நிக்கற மரத்துக்கு எதுக்குய்யா வருசம் பூரா தண்ணி ஊத்தறோம்?" என்று யாரோ கேட்டார்கள். என்ன அழகான வார்த்தை! அந்த நேரத்திலும் அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். கொண்டுபோய்க் காட்ட ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

நான் மறுபடி எழுந்தேன். "கஞ்சிப் பணம் வேணாங்க. சீட்டு மட்டும் குடுங்க. மில்லுக்கு வேண்டியது இன்னா? ஆளு எழுந்து வர முடியாம கெடக்கறானா, இல்லியா. அத்த நான் கண்ணால பாத்து சொன்னா போதாதா? அதுக்குப் பேரு வைக்கிற வேலைய மில்லும் கேக்கல, ஆத்தாளும் கேக்கல."

எழுதாததால் மேஸ்திரிக்குப் பயம் விட்டது. சீட்டுக் கிடைக்கும் என்பதால் தம்பியும் விட்டுக்கொடுத்தான். பணம் போகாததால் காரியதரிசிக்கும் சம்மதம். கைகள் தூக்கப்பட்டன. ஆனால் காரியதரிசி ஒன்றைச் சேர்த்தார்: "வாய்ச்சொல் வேண்டாம்னு ஆனப்புறம் கண்சாட்சியை விட முடியாது. இன்னிக்கே நீ உள்ளே போய்ப் பார். நானும் வந்து தெருவில நிக்கிறேன். 'பார்த்தேன்'னு நீ குரல் கொடு. அங்கேயே எழுதி நாளைக் காலை நானே மில்லில் கொடுத்துடறேன். தெருவிலிருந்து எட்டிப் பார்த்தேன், குரலைக் கேட்டேன்ங்கிற கதையெல்லாம் செல்லாது."

எல்லாரும் சரி என்றார்கள். மிகச் சுலபமாகச் சரி என்றார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் யாரும் போவதில்லை என்று அங்கே அறியாதவர் இல்லை. கலையும்போது மேஸ்திரி மட்டும் என் தோளைத் தட்டி, "உன்னியவா அவன் பொஞ்சாதி உள்ள வுடப்போறா? ஊட்டு மனுசங்களே தயங்கித் தயங்கிப் போற எடம்" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஆவடியிலிருந்து நானும் காரியதரிசியும் நடந்தே போனோம். வழியில் அவர் சர்க்கார் சட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்: ஆஸ்பத்திரி வரும், நல்ல டாக்டர் வருவார், வீடு வீடாகப் பார்வைக்காரன் அலைய வேண்டியிருக்காது. "உனக்கும் விடுதலைப்பா" என்றார். விடுதலையாகி எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. தெருக்கோடியில் புளியமரத்தைக் கண்டதும் அவர் கால் தானாக நின்றுவிட்டது.

நான் மட்டும் வாசலுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சீக்கு என்று அவள் சொல்ல வேண்டாம். யாரும் எழுதவும் மாட்டார்கள். நான் உள்ளே வந்து ஒரு முறை அவனைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தால் அவன் தறி போகாது என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே பாயில் அவன் முனகுவது கேட்டது. தண்ணீர் கேட்கிறானோ, புரண்டு படுக்கிறானோ. அவள் தலையைத் திருப்பி அங்கே பார்த்தாள், பிறகு தெருக்கோடிக் குடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வெளியாள வுடக் கூடாது அண்ணாத்தே" என்றாள். "ஊட்டு மனுசனா வந்தா வரலாம்" என்றாள். அப்புறம்தான், உள்ளே வந்தால் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் போகக் கூடாது என்றும், என்னைத் தேட மாட்டார்களா, எனக்கு வீடு வாசல் இல்லையா என்றும் கேட்டாள்.

யாரும் என்னிடம் அதுவரை அப்படி நேராகக் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு ரூம்பு கீதும்மா" என்றேன். "தெறந்து வச்சிட்டு வந்தாலும் செரி, பூட்டிட்டு வந்தாலும் செரி, கேக்கறதுக்கு ஆளு இல்ல. ஆத்தா எனுக்கு சின்னதுலயே வந்துட்டுப் போய்ட்டா. பயம் இல்ல."

அவள் என் மூஞ்சியிலிருந்த புள்ளிகளைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் போய்விட்டாள். வேப்பிலை ஆடி நின்றது. தெருக்கோடியில் காரியதரிசி குடையோடு ஆவடிப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், தறி போனது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு செம்போடு அவள் திரும்பி வந்தாள். நிலையைத் தாண்டி, குனிந்து, மஞ்சள் தண்ணியை என் இரண்டு காலிலும் ஊற்றினாள். நிமிர்ந்து, ஒதுங்கி நின்று, வேப்பிலைக் கொத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.